நன்றி சொல்லலும் நன்றி அறிதலும்

பிள்ளை பெற்றவளைப் பார்க்கச் செல்வோர் கையில் ஒரு பொருளும் வாயில் ஓர் அறிவுரையுமாகச் செல்வது நம் தஞ்சை வழக்கம். "கருக்காத்த அம்மன் கொடுத்த புள்ள. சுகப்பிரசவம். இதுக்கு மேல என்ன வேணும்? சாமியக் கும்புட்டுட்டு நிம்மதியா இரு" என்பர். நல்லெண்ணத்தில் பிறந்த சொல்தான். ஆயினும் அது செய்யும் வேலை வேறு என்பதை நாம் அண்மையில் கண்டோம்.

நம்மிடம் பயின்ற மாணவி ஒருவர், பாபநாசத்தை அடுத்த சிற்றூரினர், சம்பா நடவுக் காலத்தில் தலைப்பிள்ளை பெற்றார். குழந்தை உறங்கும்போதும் அவர் உறங்கவில்லை. மூச்சு வருகிறதா என மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பார். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்ப்பார். வந்தோரின் அறிவுரை அவ்வச்சத்தைப் போக்கவில்லை. 'இவ்வளவு கிடைத்தும் அஞ்சுகிறேனே, நான் நன்றி கெட்டவளோ?' என்னும் குற்றவுணர்வை அதன்மேல் ஏற்றிவைத்தது.

இவ்விடத்தில் தமிழாசிரியனுக்கே உரிய குறுக்கீடு ஒன்று, பொறுத்தருள்க. பழந்தமிழில் 'நன்றி' என்பதற்கு நன்மை என்பதே பொருள். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. செய்யப்பட்ட நன்மையை அறிதல் என்பதே அதன் பொருள். வாயால் சொல்லுதல் அன்று. அறிய வேண்டுமாயின், முதலில் எவரேனும் ஒரு நன்மை செய்திருத்தல் வேண்டும் அல்லவா? இவ்வெளிய இலக்கணத்தைத்தான் நம் அறிவுரையாளர்கள் மறந்துவிடுகின்றனர்.

திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதையை நண்பர்கள் அறிவர். பேறுகால மகளுக்குத் துணையாகப் புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே தடைபட்டாள். இறைவன் அத்தாயின் உருவில் வந்து மகப்பேறு பார்த்தான். அறிவுரை கூற வரவில்லை. வெந்நீர் வைக்க வந்தான் என்றே நாம் எண்ணிக்கொள்வதுண்டு.

வெந்நீர் வைக்கும் கை இல்லாதபோது என்ன நேர்கிறது? வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரச் சிற்றூர்களில் நடத்தப்பெற்று 2002இல் வெளிவந்த ஆய்வொன்று, மகப்பேற்றுக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளானோர் 100க்கு 11 பேர் எனக் கணக்கிட்டது. அதனோடு தொடர்புடையனவாக அவ்வாய்வு கண்டவை வறுமை, ஆணை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தமை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைத்துணை இன்மை முதலியன. மனச்சோர்வும் பதற்றமும் ஒன்றல்ல. ஆயினும் பலவேளைகளில் சேர்ந்தே வரும். 1987இல் எடின்பரோ பெயரால் அமைந்த பத்து வினாப் பட்டியலிலும் காரணமற்ற கவலை, திகில் பற்றிய வினாக்கள் உள்ளன. அதன் தமிழ் வடிவமும் உண்டு.

நன்றியுணர்வு பயனற்றது என்பது நம் கருத்தன்று. 2003இல் எம்மன்சு, மெக்கல்லோ என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றை எழுதிவந்தோர் தொல்லைகளை எழுதிவந்தோரைவிடத் தம் வாழ்வை நிறைவாக உணர்ந்தனர். ஆனால் அவர்கள் கல்லூரி மாணவரும் நரம்புத்தசை நோயுற்றோரும் ஆவர், பச்சையுடம்புக்காரிகள் அல்லர். தாமே விரும்பி எழுதும் நன்றிக்கும், பிறர் வற்புறுத்திக் கறக்கும் நன்றிக்கும் உள்ள தொலைவும் சிறிதன்று.

மாணவியின் நிலையை முதலில் உணர்ந்தவர் வீடு தேடி வந்த கிராம சுகாதாரச் செவிலியர். அவரே மருத்துவரிடம் அனுப்பினார். இரவெல்லாம் உறக்கம் பிடிக்காத, கெட்ட நினைவுகள் விடாது வரும் தாய்க்கு மருத்துவமே முதல் வழி. நன்றிக் குறிப்பேடு அதன் பின்னரே. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்பதை வீட்டார் குறித்துவைத்தல் நலம்.

ஆடிப்பெருக்கன்று காவிரியை மசக்கைக்காரியாகக் கருதிச் சித்திரான்னம் படைக்கும் ஊர் நம்முடையது. ஆற்றின் நாவுக்கு என்ன பிடிக்கும் என்று எண்ணிப் பார்க்கும் நாம், பெற்றவளுக்கு இரண்டு மணி நேர உறக்கம் தருவது பற்றி எண்ணுவதில்லை.

மருத்துவம் தொடங்கியபின் அம்மாணவி நாட்காட்டித் தாளில் குறிப்பெழுதத் தொடங்கினார். பெயர்சூட்டு விழாவில் நமக்குக் காட்டினார். 'பெரியம்மா 4 மணி முதல் 6 வரை பிள்ளையை வைத்திருந்தார்.' 'அவர் துணி அலசினார்.' 'எதிர்வீட்டு ஆயா பூண்டுக்குழம்பு.' இவ்வளவே. சில நாள்களுக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. வினவினோம்.

"அன்னிக்கு யாரும் வரலங்கய்யா" என்றார்.