ராட்டினத்தைச் செய்தவர் யார்?

உடுமலைப்பேட்டை மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழா நெருங்கினால் குட்டைத்திடலில் ராட்டினங்கள் எழுந்துவிடும். கொலம்பஸ், பிரேக் டான்ஸ், டோரா டோரா என்று பெயர்கள் விளக்கொளியில் மின்னும். ஆனால், இப்படி ஊர் ஊராகச் செல்லும் ராட்டினங்களைச் செய்தவர் யார், எந்த ஆண்டில் செய்தார் என்பது ஏறி அமர்வோருக்குத் தெரிவதில்லை.

இதை வெறும் விவரக் குறைபாடாகக் கருத முடியாது. 2017 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் 'ஃபயர் பால்' என்ற ஊசல் ராட்டினத்தின் இருக்கை வரிசை முறிந்து ஒருவர் உயிரிழந்தார். 7 பேர் காயமடைந்தனர். அதே நாளில்தான் அது ஆய்வில் தேறியிருந்தது. அதைத் தயாரித்த நெதர்லாந்தின் கேஎம்ஜி நிறுவனம், அந்த மாதிரியை எங்கும் இயக்க வேண்டாம் என உடனே அறிவித்தது. தாங்குசட்டத்தின் உட்புறத்தை அரித்த துருவே காரணம் என்பதையும் பின்னர் வெளியிட்டது. ஒரு விபத்து பல ஊர்களுக்கு எச்சரிக்கையானது, தயாரிப்பாளர் இன்னார் எனத் தெரிந்திருந்ததால்தான்.

2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் ராட்டினம் முறிந்து 2 பேர் இறந்தனர். அத்தகைய விபத்து நடந்தவுடன் எழ வேண்டிய கேள்வி, இதே போன்றவை வேறெங்கு இயங்குகின்றன என்பதே. தயாரிப்பாளர் தெரியாவிடில் அதற்கு விடை கிடைக்காது.

தோற்றத்தை வைத்தும் தீர்மானிக்க இயலாது. 'பிரேக் டான்ஸ்' என்பது ஜெர்மனியின் ஹஸ் நிறுவனம் 1985-இல் அறிமுகப்படுத்திய ராட்டினத்தின் பெயர். அந்தப் பெயரில் சுழல்பவை எல்லாம் ஹஸ் செய்தவை அல்ல. வடிவத்தை நகலெடுப்பது எளிது. இரும்பின் தரமும் பற்றவைப்பின் உறுதியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வடிவமைத்தவரின் சுமைக் கணக்கு இல்லாமல் ஆய்வுக்கு வரும் பொறியாளர், எதனோடு ஒப்பிட்டுச் சான்று அளிப்பார்?

கோவையில் வார்க்கப்படும் பம்புசெட் மோட்டாரில்கூடத் தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், குதிரைத்திறன் பொறித்த தகடு உண்டு. கிணற்றில் நீர் இறைக்கும் எந்திரத்துக்கு உள்ள அடையாளம், குழந்தைகளைச் சுமக்கும் எந்திரத்துக்கு வேண்டாமா?

எனவே, தயாரிப்பாளர், ஆண்டு, வரிசை எண், அதிகபட்சச் சுமை ஆகியவற்றைப் பொறித்த தகடும் பராமரிப்புப் பதிவேடும் இருந்தால்தான் அனுமதி என மாவட்ட நிர்வாகங்கள் விதிக்க வேண்டும். மூலம் தெரியாத பழைய ராட்டினங்களை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் உள்ளன. அவற்றை ஒரேயடியாகத் தடைசெய்யத் தேவையில்லை. தகுதிபெற்ற பொறியாளரைக் கொண்டு சுமைத்திறனையும் பற்றவைப்புகளையும் சோதித்துப் புதிய பதிவெண் வழங்கலாம். சோதனையில் தேறும்வரை அவை சுழலக் கூடாது.