முன்குறித்தலா, தலையெழுத்தா?



"கர்த்தர் அப்படி முன்குறித்துவிட்டார், நாம் என்ன செய்ய முடியும்?" துக்க வீடுகளில் இதைக் கேட்டிருப்பீர்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலையில் கடல் ஏறி வந்தபின், நம்முடைய கடலூர்க் கரையோரத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த விசுவாசத் தாய்மாரிடமும் இதுவே சொல்லப்பட்டது. ஊழியர்களாகிய நாங்களும் சொன்னோம். அது ஆறுதல் அல்ல, வேதத்தின் உடையை உடுத்திய தலையெழுத்து.

"தெரிந்துகொள்ளப்படாதவர்கள், ஆகையால் அழிந்தார்கள்" என்று இன்னும் ஒருபடி மேலே போனவர்களும் உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைக் குறித்து இப்படிக் கணக்குப் பார்ப்பதை ஆண்டவரே மறுத்துவிட்டார் (லூக்கா 13:4-5). அவர் மறுத்ததை நாம் பிரசங்கிப்பதா?

ரோமர் 8:29-ஐத் திறந்து பாருங்கள். எதற்கு முன்குறித்தார்? குமாரனுடைய சாயலுக்கு. சாவின் தேதிக்கு அல்ல, நரகத்துக்கும் அல்ல. உடனே ஒன்பதாம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். காட்டட்டும். 22-ஆம் வசனத்தில் கோபாக்கினைப் பாத்திரங்கள் 'எத்தனமாக்கப்பட்ட'வை. யாரால் என்று பவுல் சொல்லவில்லை. 23-இல் கிருபாபாத்திரங்களையோ தேவன் தாமே எத்தனமாக்கினார். நம் பழைய திருப்புதலே இந்த வேறுபாட்டைக் காத்திருக்கிறது, வாசிக்கிறவர்கள்தான் காக்கவில்லை.

முன்னறிவும் முன்குறித்தலும் ஒன்றல்ல. பஞ்சாங்கத்தில் எழுதியதால் கிரகணம் பிடிப்பதில்லை. (இந்த உவமை பாதி தூரமே செல்லும், தேவன் வெறும் பார்வையாளர் அல்லர்.)

இணையத்தில் கால்வினியப் போதனைகளைக் கேட்டுவிட்டு, "நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா, ஐயா?" என்று கலங்கி வரும் பல்கலைக்கழக மாணவர்களை அண்ணாமலை நகரில் காண்கிறேன். அந்தப் போதகர்கள் உயர்த்திப் பிடிப்பது 1618-19-இல் நெதர்லாந்தில் கூடிய தோர்த் சினாடின் தீர்மானங்களை. நான் அந்தக் கட்சிக்காரன் அல்லன். எனினும் அவற்றை வாசித்திருக்கிறேன். முதல் அதிகாரத்தின் 14-ஆம் பிரிவு, இந்த உபதேசத்தை விவேகத்தோடும் பயபக்தியோடும் போதிக்கவேண்டும், உன்னதமானவருடைய மறைவான வழிகளைத் துருவக்கூடாது என்கிறது. தெரிந்துகொள்ளுதல் விசுவாசத்துக்கு ஊற்றாயிருப்பதுபோலவே தள்ளிவிடுதல் அவிசுவாசத்துக்குக் காரணம் என்னும் கூற்றை அந்தச் சினாடே தன் முடிவுரையில் வெறுத்துத் தள்ளியது.

17-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. சிசுப்பருவத்தில் தேவன் எடுத்துக்கொண்ட பிள்ளைகளின் இரட்சிப்பைக் குறித்துப் பக்தியுள்ள பெற்றோர் சந்தேகப்படவேண்டியதில்லை என்று அது சொல்லுகிறது. கால்வினியர்களே எழுதிவைத்த அந்த ஆறுதலை, அந்த டிசம்பரில், தேவனாம்பட்டினத்திலோ கிள்ளையிலோ, நம்மில் எத்தனை பேர் ஒரு தாயிடம் எடுத்துச் சொன்னோம்?