சின்னான்களில் எனக்குப் பிடித்தது

“உங்களுக்குப் பிடித்த பறவை எது?” என்று கேட்டால் உங்களில் பலர் யோசிக்காமல் “மயில்” என்று கூறிவிடுவீர்கள். பறவைகளை உற்றுநோக்கும் வழக்கம் உள்ளவர்கள் இந்தக் கேள்வியை வேறுவிதமாகக் கேட்பார்கள். மீன்கொத்திகளில் எது? ஆந்தைகளில் எது? சின்னான்களில் எது? இப்படிக் குடும்பம் குடும்பமாகக் கேட்டால் மயிலைச் சொல்லித் தப்ப முடியாது! ஒவ்வொரு குடும்பத்திலும் நம் ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். படப் புத்தகத்தைப் புரட்டிச் சொல்லும் பதில் செல்லாது என்பது என் கட்சி.

ஒசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். மீன்கொத்திகளில் என் வாக்கு கருப்பு வெள்ளை மீன்கொத்திக்குத்தான். கெலவரப்பள்ளி அணை நீரின்மேல் சிறகடித்தபடி ஒரே இடத்தில் நின்று, சட்டென்று தலைகீழாகப் பாயும். நீலநிற வெண்மார்பு மீன்கொத்தி இதைவிட அழகுதான். ஆனால் அது கம்பியில் உட்கார்ந்து ஓணானையும் வெட்டுக்கிளியையும் தின்று காலம் தள்ளுகிறது.

கம்பி என்றதும் பனங்காடை நினைவுக்கு வருகிறது. அது கர்நாடகத்தின் மாநிலப் பறவை. அத்திப்பள்ளி எல்லையை மதிக்காமல் நம் பக்கத்து மின்கம்பிகளிலும் அமர்ந்திருக்கும். நமது மாநிலப் பறவையான மரகதப் புறாவோ அடர்ந்த காட்டு நிழலை விட்டு வெளியே வருவது அரிது.

இனிச் சின்னான்களுக்கு வருவோம். புல்புல் என்றும் கொண்டைக்குருவி என்றும் சொல்கிறோமே, அவைதாம். வாலடியில் சிவப்புள்ள செங்குதச் சின்னான் பள்ளிக்கூடத்து வேலியிலேயே கூடு கட்டும். செம்மீசைச் சின்னானுக்குக் கூரிய கொண்டை உண்டு. இவ்விரண்டையும்தான் எல்லோரும் விரும்புகிறார்கள். எனக்குப் பிடித்ததோ கொண்டையே இல்லாத மஞ்சள் தொண்டைச் சின்னான். தலையும் தொண்டையும் மஞ்சள், முதுகு பசுமை கலந்த சாம்பல். புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் வெண்புருவச் சின்னானை இதுவென்று எண்ணி ஏமாறுவதுண்டு. அதற்கும் கொண்டை கிடையாது. ஆனால் கண்ணுக்குமேல் வெண்கோடு இருக்கும், தொண்டையில் மஞ்சள் இராது.

ஜெர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1845-இல் இப்பறவையை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. இங்கும் எல்லா இடத்திலும் வாழ்வதில்லை. பெரும் பாறைகள் குவிந்து, இடையிடையே புதர் மண்டிய குன்றுச் சரிவுதான் இதற்கு வீடு. தோட்டத்திலோ வயலிலோ குடியேறாது. சுற்றிலும் சமவெளி கடலாகக் கிடக்க, குன்றுகள் தீவுகளைப்போல நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தீவு போனால் அங்கிருந்த கூட்டமும் போயிற்று.

குன்று எப்படிப் போகும் என்று கேட்கிறீர்களா? கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட் கல்லுக்குப் பெயர்பெற்றது என்பது உங்களுக்குத் தெரியும். வெடி வைத்து, கம்பி அறுவையால் அறுத்து, குன்றையே கட்டிகளாக்கி லாரிகளில் ஏற்றுகிறார்கள். பாறை போகும்போது புதரும் போகிறது. இந்தச் சின்னான் உலக அளவில் அழியும் அபாயமுள்ள பறவைகளின் பட்டியலில் உள்ளது. அதற்குக் கல் குவாரிகளும் ஒரு காரணம்.

“கல் இல்லாமல் வீடு கட்டுவது எப்படி, ஐயா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குவாரிகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லவில்லை. ஒரு குன்றைக் குத்தகைக்கு விடுமுன், அதில் எந்தச் சின்னான் இருக்கிறது என்று யாராவது ஏறிப் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். வெண்புருவத்தைக் கண்டு மஞ்சள் தொண்டை என்று எழுதிவிடாத ஒருவர் போக வேண்டும். அதற்குக் காலை ஆறு மணிக்கே புறப்படுவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் அது புதரை விட்டு வெளியே தலைகாட்டாது.