மினுமினுப்பதை எல்லாம் சேர்க்கலாமா?

சுட்டிகளே! தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். கதிரியக்கம் உள்ள பழைய பொருள்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள், தெரியுமா?

கோடை விடுமுறைக்கு ஏற்காடு போகிறீர்கள். கரடியூரில் உறவினர் வீட்டுப் பரணைக் குடைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா காலத்துப் பெட்ரோமாக்ஸ் விளக்கும், முள்ளில் பச்சை மை பூசிய அலாரம் கடிகாரமும் கிடைக்கின்றன. இவற்றைச் சேர்க்கலாமா?

விளக்கில் தொங்கும் வலைப்பைக்கு மேண்டில் என்று பெயர். ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தில் செந்தில் உடைப்பாரே, அதேதான்! பழைய மேண்டிலில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. மேண்டில் செய்யத்தான் அந்த மணலுக்கு முதலில் கிராக்கி வந்தது.

பச்சை மையின் கதை சோகமானது. 1898-ல் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். பிறகு அதை மையில் கலந்து கடிகாரங்களுக்குப் பூசினார்கள். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வேலை செய்த இளம்பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிப் பூசினார்கள். பலர் எலும்பு நோய் வந்து இறந்தார்கள்.

அந்த மை இப்போது ஒளிராவிட்டால் ரேடியம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கெட்டுப்போனது அதனுடன் கலந்த ஒளிரும் பொருள்தான். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும்! (வண்டியில் ஒட்டும் ‘ரேடியம் ஸ்டிக்கர்’ பற்றிப் பயம் வேண்டாம். அதில் ரேடியம் கிடையாது.)

“அலமாரியில் சும்மா வைத்தால் என்ன?” என்று கேட்பீர்கள். கண்ணாடி உடையாத கடிகாரம் அங்கேயே இருந்தால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் நம் கை சும்மா இருக்குமா? திருகைக் கழற்றி, மையைச் சுரண்டிப் பார்க்கத் தோன்றுமே! அந்தத் தூசி மூக்கு, வாய் வழியாக உள்ளே போவதுதான் ஆபத்து. கதிரியக்கத்துக்கு நிறமோ மணமோ கிடையாது. அதை அளக்கத் தனிக் கருவி வேண்டும்.

பெரியவர்களே ஏமாந்திருக்கிறார்கள். 2010-ல் டில்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய ஆய்வகக் கருவி ஒன்று, மாயாபுரியில் உள்ள பழைய இரும்புக் கடைக்கு வந்தது. உள்ளே கோபால்ட்-60 இருப்பது தெரியாமல் உடைத்தார்கள். ஒருவர் ஒரு துண்டைப் பர்சிலேயே வைத்திருந்தார். தொழிலாளி ஒருவர் இறந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

அதனால் என் கருத்து இதுதான்: இந்தப் பொருள்களை நீங்கள் சேர்க்க வேண்டாம், இவற்றின் கதைகளைச் சேருங்கள். எந்த ஆண்டு வாங்கியது, யார் வைத்திருந்தது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள், படம் வரையுங்கள். மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் கொண்ட விசிறி போன்ற அடையாளம் எதிலாவது தெரிந்தால் தொடாதீர்கள். விலகி வந்து பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

அந்த நோட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் பயமில்லாமல் திறந்து பார்க்கலாம் இல்லையா?