எவ்வளவு மின்சாரம் என்று கேட்காத பாடம்

டெங்கிலின் பாயா இண்டா ஏரிகள் இயற்கை தந்தவை அல்ல. வெள்ளீயம் தோண்டிய குழிகளில் நீர் நிறைந்து உருவான ஈயக் குட்டைகள் அவை. அத்தகைய தாதுவை உலோகமாக்கக் கரியும் உலையும் போதும். இன்றும் அதே வழிதான். பட்டர்வொர்த்திலிருந்து கிள்ளானை ஒட்டிய பூலாவ் இண்டாவுக்கு இடம் மாறிய மலேசியா ஸ்மெல்டிங் கார்ப்பரேஷனின் உலையிலும், தாதுவில் இருக்கும் ஆக்சிஜனைப் பறிப்பது கரியே.

அலுமினியத்திடம் இந்த வித்தை பலிக்காது. அது கரியைவிட வீரியம் மிக்க உலோகம். ஆக்சிஜனை எளிதில் விடாது. கிள்ளான் காப்பார் சாலையில் அலுமினியத்தை அச்சில் அழுத்திச் சட்டங்களாக்கும் தொழிலில் வளர்ந்த பிரஸ் மெட்டல் நிறுவனம், உலோகத்தையே தயாரிக்க முடிவு செய்தபோது கடல் கடந்து சரவாக்கின் முக்காவுக்கும் சமலாஜுவுக்கும் போனது. ஏன் அவ்வளவு தூரம்? ஐந்தாம் படிவ வேதியியல் நூலின் முதல் பாடத்திலேயே இதற்கு விடை காணும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பாடம் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

எஸ்பிஎம் தேர்வு எழுதும் ஐந்தாம் படிவ மாணவர் மின்னாற்பகுப்பை எப்படிப் படிக்கிறார்? உருகிய காரீய புரோமைடில் மின்சாரம் பாய்ந்தால் எதிர்மின்வாயில் காரீயம், நேர்மின்வாயில் புரோமின். செப்பு சல்பேட் கரைசலில் கரிமுனைகளை வைத்தால் ஒரு பக்கம் செம்பு படியும், மறுபக்கம் ஆக்சிஜன் குமிழியிடும், நீலம் வெளிறும். கரிமுனைகளுக்குப் பதில் செப்புத் தகடுகள் என்றால் நேர்மின்வாய் கரைந்து தேயும், நீலம் அப்படியே இருக்கும். எந்த அயனி முதலில் மின்னிறக்கம் அடையும் என்பதைத் தீர்மானிக்கும் காரணிகள் மூன்று: மின்வாய் அழுத்த மதிப்பு, கரைசலின் செறிவு, மின்வாயின் வகை. தேர்வு இவற்றைச் சுற்றியே வருகிறது. டியூஷன் வகுப்புகளும் இவற்றையே ஒப்பிக்க வைக்கின்றன.

இதெல்லாம் 'என்ன கிடைக்கும்' என்ற கேள்விக்கான விடைகள். 'எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு கிடைக்கும்' என்ற கேள்வி எழுவதே இல்லை. மைக்கேல் ஃபாரடே 1833-34இல் வகுத்த அளவு விதிகளுக்கு மாணவர் ஆறாம் படிவம் வரை காத்திருக்க வேண்டும். எஸ்பிஎம் முடித்து வேறு துறைக்குப் போகும் பெரும்பாலோர் அவற்றைச் சந்திப்பதே இல்லை. இது சிறிய விடுபடல் அல்ல. மின்னாற்பகுப்பின் பொருளாதாரமும் அரசியலும் அந்த விடுபட்ட பாதியில்தான் இருக்கின்றன.

கணக்கு கடினமானதும் அல்ல. ஓர் அலுமினிய அயனி உலோகமாக மூன்று எலெக்ட்ரான்கள் தேவை. ஒரு மோல் எலெக்ட்ரான் என்பது சுமார் 96,500 கூலோம். அலுமினியத்தின் மோல் நிறை 27 கிராம். ஆக, ஒரு கிலோவுக்கு ஒரு கோடியே ஏழு லட்சம் கூலோம் பாய வேண்டும். தொழிற்சாலைக் கலங்கள் சற்றேறக்குறைய 4 வோல்ட்டில் இயங்குகின்றன. சேதாரத்தையும் சேர்த்தால் கிலோவுக்கு 13 முதல் 15 கிலோவாட் மணி ஆகிறது. 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்டறிந்த முறையில்தான் இந்தக் கலங்கள் இயங்குகின்றன. உருகிய கிரையோலைட்டில் அலுமினாவை, அதாவது அலுமினிய ஆக்சைடை, கரைத்ததால், 2,000 டிகிரிக்கு மேல் உருகும் பொருளை ஏறத்தாழ 960 டிகிரியிலேயே மின்னாற்பகுக்க முடிந்தது. வெப்பம் குறைந்தது, எலெக்ட்ரான் கணக்கில் மட்டும் எந்தத் தள்ளுபடியும் கிடைக்கவில்லை.

பிரஸ் மெட்டலின் ஆண்டு அலுமினிய உற்பத்தித் திறன் 10 லட்சத்து 80 ஆயிரம் டன். கிலோவுக்கு 14 கிலோவாட் மணி என்று வைத்துப் பெருக்கி, ஆண்டின் 8,760 மணி நேரத்தால் வகுத்தால், இரவு பகல் ஓயாமல் ஏறத்தாழ 1,700 மெகாவாட் வேண்டும் என்று தெரிகிறது. 2011இல் மின்னுற்பத்தி தொடங்கிய சரவாக்கின் பக்குன் அணையின் முழு நிறுவு திறனே 2,400 மெகாவாட். உருக்காலைகள் ஏன் கிள்ளானில் இல்லை, மலிவான நீர்மின்சாரம் ஓடும் சரவாக்கில் ஏன் இருக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அந்த மின்சாரத்துக்கு மனிதர்களும் விலை கொடுத்தார்கள். பக்குனுக்காக ஏறத்தாழ 10,000 பூர்வகுடியினர் தங்கள் நீள்வீடுகளை விட்டுச் சுங்கை ஆசாப்புக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். டெங்கில் மக்களுக்கு இடப்பெயர்வைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்ராஜெயா எழுவதற்காகப் பெராங் புசார் முதலிய தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தது டெங்கிலின் தாமான் பெர்மாத்தாவுக்குத்தான். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் வேதியியல் வகுப்பில் உட்காரும்போது, அலுமினியச் சமன்பாட்டுக்குப் பின்னால் ஓர் ஆறும் ஓர் ஊரும் இருப்பதை அறிய முழு உரிமை உடையவர்கள்.

நீர்மின்சாரம் என்பதால் இந்த உலோகம் புகையில்லாதது என்றும் சொல்லிவிட முடியாது. நேர்மின்வாயாக நிற்கும் கரி, வெளிவரும் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து தேய்கிறது. சமன்பாட்டின்படியே கிலோ அலுமினியத்துக்குக் குறைந்தது 1.2 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மாணவர்கள் மனப்பாடமாக எழுதும் அதே சமன்பாடுதான் இது; அதிலிருந்து இந்த எண்ணைக் கறந்தெடுக்க இரண்டு வரிக் கணக்கு போதும்.

புதிய கருவி எதுவும் வேண்டாம். செப்பு சல்பேட் சோதனையைச் செப்புத் தகடுகளோடு செய்யும் வகுப்பில் ஓர் அம்மீட்டரும் ஒரு கடிகாரமும் சேர்ந்தால் போதும். 0.2 ஆம்பியரில் அரை மணி நேரம் என்றால் 360 கூலோம். எதிர்மின்வாய்த் தகட்டைக் கழுவி உலர்த்தி நிறுத்தால் சுமார் 0.12 கிராம் கூடியிருக்க வேண்டும். நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் தராசில் அது தெரியும். அதே 360 கூலோமுக்கு அலுமினியம் 0.03 கிராமைச் சற்றே தாண்டும். செம்புக்கும் அலுமினியத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் தம் கையால் எழுதிய எண்ணிலேயே பார்ப்பார்.

இப்போது சரவாக் ஹைட்ரஜனைப் பற்றிப் பேசுகிறது. கூச்சிங்கில் 2019 முதல் ஹைட்ரஜன் நிலையம் இருக்கிறது. நீரை மின்னாற்பகுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க நடைமுறையில் 50 கிலோவாட் மணிக்கு மேல் செலவாகும். இன்றைய ஐந்தாம் படிவ மாணவர்கள் வாக்களிக்கும் வயதை எட்டும்போது, அடுத்த அணை யாருக்காக, எதற்காக என்ற விவாதம் அவர்கள் முன் வரும். அதில் கலந்துகொள்ளத் தேவையான கணக்கைப் பதினேழு வயதிலேயே பள்ளி கற்றுத்தர முடியும். அதற்குப் பாடத்திட்டத்தில் ஒன்றிரண்டு பாடவேளைகள் ஒதுக்கினால் போதும்.