சேதராப்பட்டு கல்லுக்குள் ஒரு ‘இந்திரா’!

வில்லியனூர் கொம்யூனின் சேதராப்பட்டு என்றால் தொழிற்பேட்டைதான் ஞாபகம் வரும். ஆனால், அங்கிருந்து வழுதாவூர் வரை மண்ணுக்கடியில் இருப்பது சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல்!

1840-ஐ ஒட்டி கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் புதுச்சேரிப் பக்கம் கல்லாகிப்போன சிப்பிகளையும், அம்மோனைட்டுகளையும் சேகரித்தார்கள். அம்மோனைட் என்பது கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்து, டைனோசர் காலத்தோடு அழிந்துபோனது. லண்டன் போன அந்தக் கற்களைப் பார்த்து வியந்த எட்வர்டு ஃபோர்ப்ஸ், 1846-ல் வெளியான அறிக்கையில் புதிய இனங்களுக்கு வைத்த பெயர்கள்... சூர்யா, இந்திரா, பிரம்மா, விஷ்ணு! இன்று கனடாவில் கிடைக்கும் அதே இனமும் ‘இந்திரா’தான்.

இத்தனைக்கும் காரணம், அவர்கள் கல்லோடு ஊர்ப் பெயரையும் குறித்து வைத்ததுதான். எங்கே எடுத்தது என்று தெரியாவிட்டால், எவ்வளவு அழகான புதைபடிவமும் ஷோகேஸ் பொம்மைதான். அது எந்தக் கடல், எந்தக் காலம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கிணறு வெட்டும்போது சிப்பி பதிந்த கல் கிடைத்ததா? கழுவுவதற்கு முன் போட்டோ எடுங்கள். கிராமம், ஆழம், தேதி எழுதுங்கள். புதுவைப் பல்கலைக்கழகப் புவி அறிவியல் துறையில் காட்டுங்கள். பிறகு ஸ்டேட்டஸ் போடலாம்!

திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போனால் மட்டும் கண்ணால் ரசிப்பதோடு சரி. அங்கே ஒரு சில்லும் எடுக்கக் கூடாது.