கொத்தமல்லி விதை சொன்ன தீர்ப்பு



உங்கள் பாட்டனார் கட்டிய வீட்டிலா நீங்கள் வசிக்கிறீர்கள்? செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுந்த சுவர்கள், தேக்கு உத்திரங்கள், தெருவை ஒட்டிய திண்ணை. மாட்டு வண்டிக்குப் போதுமாயிருந்த அந்தத் தெருவில் இன்று அடுத்த வீட்டாரின் சுமை வேன் திரும்புகிறது. சுபுஹு பாங்குக்கு முன்பே அது உறுமுகிறது. அலமாரியில் பீங்கான் கோப்பைகள் கலகலக்கின்றன. சுவரில் மயிரிழை போல் ஒரு வெடிப்பு. உங்கள் மனம் கொதிக்கிறது.

இது புதிய வழக்கன்று. 14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் இப்னுர் ராமீ என்னும் தலைமைக் கொத்தனார் வாழ்ந்தார். கட்டட வழக்குகளில் காழிகள் அவரது கருத்தைக் கேட்டனர். தம் அனுபவத்தை அவர் நூலாகவும் எழுதி வைத்தார். அன்று மோட்டார் வண்டி ஏது? பக்கத்து வீட்டு மாவுத் திரிகையின் அதிர்வு தம் சுவரைக் கெடுப்பதாகவே மக்கள் முறையிட்டனர். அதற்கு அவர் ஒரு சோதனையைக் கூறுகிறார். ஒரு தாளின் நான்கு மூலைகளிலும் நூல் கட்டித் தொங்கவிட்டு, அதன்மேல் காய்ந்த கொத்தமல்லி விதைகளை இட்டு, திரிகையைச் சுற்றச் சொல்ல வேண்டும். விதைகள் ஆடினால் திரிகையை அகற்ற வேண்டும். ஆடாவிட்டால் முறையிட்டவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பார்த்தீர்களா? அங்கே கோபத்திற்கு இடமில்லை. சான்று இருவரையும் கட்டுப்படுத்தியது.

நீங்களும் முதலில் சான்றைத் தேடுங்கள். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை இரு முனைகளிலும் காரையால் பதித்து, தேதியைக் குறித்து வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் அசைகிறது என்று பொருள். அப்போதும் வேன்மீது உடனே பழி சுமத்திவிடாதீர்கள். சாக்கடை நீர் அஸ்திவாரத்தில் இறங்கினாலும் சுவர் அசையும். அனுபவமுள்ள கொத்தனாரை அழைத்துக் காட்டுங்கள்.

பிறகு அடுத்த வீட்டாரையும் அழைத்து, அவர் கண்ணாலேயே பார்க்கச் செய்யுங்கள். அந்த வேன் அவர் குடும்பத்தின் வயிற்றுப்பாடு என்பதை மறவாதீர்கள். வண்டியே கூடாது என்று சொன்னால் அவர் செவிமடுப்பாரா? சுவரிலிருந்து தள்ளி நிறுத்தவும், மெதுவாகத் திருப்பவும் கேளுங்கள். சுமை வண்டியின் சக்கரம் குழியில் விழுந்து எழும்போதுதான் அதிர்வு மிகுதி. வாசலிலுள்ள குழியை இருவரும் சேர்ந்து செப்பனிட்டாலே பாதித் துன்பம் தீர்ந்துவிடலாம்.

பாதையைப் பற்றிப் பிணக்கு எழுந்தால் அதற்கு ஏழு முழ அகலம் விடவேண்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அது ஏறத்தாழ 10 அடி. நம் தெருவில் அந்த 10 அடியைத் தின்றது அடுத்த வீட்டு வேன் மட்டும்தானா? நம் பிள்ளையின் மோட்டார் சைக்கிள் எங்கே நிற்கிறது? நள்ளிரவில் எதிர்வீட்டு முதியவருக்கு நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ் நுழையுமா? நாளை நம் வீட்டிலிருந்தே ஒரு சந்தூக் புறப்பட்டால், சுமப்பவர்கள் தோளோடு தோள் நின்று நடக்க அங்கே இடமுண்டா?

முறையிடப் புறப்படுமுன் நம் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்வோம். பாட்டனார் நமக்கு விட்டுச்சென்றது சுவரை மட்டுமன்று. அதற்கு அப்பால் வாழும் அண்டை வீட்டாரையும்தான்.